போரால் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மனதளவில் துணை நிற்பது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம குமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை என்று நான்கு இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 2021 வரை அரசுக் காகிதங்களில் 'அகதிகள் முகாம்' என்று இருந்தது, பேச்சில் இன்றும் 'கேம்ப்'தான். அந்த வழியாகப் பஸ்ஸில் போனவர்கள் நிறைய பேர், உள்ளே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் ரொம்பக் குறைவு. நான் பல வருடமாக ஒரு முகாமில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். மனநலம் படித்தவன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர், டீச்சர், பங்கின் அன்பியக் குழுப் பொறுப்பாளர், மகளிர் குழு அக்கா என்று யாராக இருந்தாலும் செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வைத்தியம் வைத்தியர் வேலை, அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதற்குப் பிறகு கூட நிற்பதும் நம் வேலை.

இதை எழுத வைத்தது ஒரு ராத்திரி. பக்கத்து ஊர்ப் பங்குத் திருவிழா, பத்தாம் நாள். ட்யூஷன் முடிந்து ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், அவர் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். முதல் கதினா வெடி போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் திண்ணையில் சீப்பு மட்டும் கிடக்கிறது. உள்ளே சுவரோரம், பிள்ளையை வயிற்றுக்கடியில் போட்டுக் குப்புறக் கிடந்தார், வாய் நன்றாகத் திறந்திருந்தது. ஷெல் குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் காது சவ்வு தப்பும் என்று பதுங்குகுழிக்குள் பழகியது, முப்பது வருடம் கடந்தும் உடம்பு அதை விடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, "ஒண்ணுமில்ல அக்கா, திருவிழா வெடிதான்" என்று தோளைப் பிடித்து எழுப்பப் போனேன். அவர் இன்னும் சுருண்டார். அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன், நாலாவது படியில் சொல்கிறேன்.

முதல் படி: யார், எப்போது வந்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முகாமில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே கதை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் உண்டு, 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது படகேறியவர்கள் உண்டு, 1996-ஐ ஒட்டி வந்தவர்கள், 2006-க்கும் 2009-க்கும் நடுவில் கடைசிப் போர்க் காலத்தில் தப்பி வந்தவர்கள், 2022-ல் அங்கே பொருளாதாரம் விழுந்தபோது அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் வந்தவர்கள் என்று பல அலைகள். சிலருடைய தாத்தா பாட்டி இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன மலையகத் தமிழர்கள். இன்னொரு பெரிய கூட்டம் இங்கேயே முகாமில் பிறந்தவர்கள், அவர்கள் போரைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனால் வீட்டில் அப்பா ராத்திரி கத்திக்கொண்டு எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

கூடவே ஒன்றை மனதில் வையுங்கள். போர் நடந்த பகுதிகளில் வாழ்பவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்கிட்டது. ஐந்தில் ஒருவர். மற்ற நாலு பேரும் துக்கத்தோடும் நினைவுகளோடும் வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, பொங்கல் வைத்து வாழ்கிறவர்கள்தான். ஆகவே முகாமில் இருக்கிறார் என்பதற்காகவே யாரையும் நோயாளி போலப் பார்க்க வேண்டாம், அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: அவர்கள் சொல்லும் வார்த்தையைப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு பக்கமும் தமிழ்தானே, இதில் என்ன சிக்கல் என்று நானும் நினைத்தேன். ஒரு தடவை ஒரு பெரியம்மாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்கு, நெஞ்சுக்குள்ள ஒரே பதகளிப்பா இருக்கு" என்றார். எழுதுகிறவர் நிமிராமலே சத்து மாத்திரையும் வாயு மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார், மூன்று மாதம் அதையே விழுங்கிக்கொண்டிருந்தார். பதகளிப்பு என்றால் நாம் சொல்கிற படபடப்பு, பதற்றம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்களே பயன்படுத்தும் சொல் அது. நெருக்கீடு என்றால் மன அழுத்தம், உளவளத்துணை என்றால் கவுன்சலிங், மனவடு என்றால் நடந்த கொடுமை மனதில் விட்டுப்போன தழும்பு. 'விசர்' என்பது நம்ம ஊர் 'கிறுக்கு' மாதிரி, அந்த வார்த்தையை யாரிடமும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

பெரும்பாலும் மனசு என்று ஆரம்பிக்கவே மாட்டார்கள். தலையிடி, நெஞ்சு எரிவு, கைகால் விறைப்பு, நித்திரை இல்லை என்று உடம்பில் தொடங்கும். டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வந்தபிறகும் வலி நிற்கவில்லை என்றால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள், அந்த வலி நிஜம்.

கவனிக்க வேண்டியது: ராத்திரி விளக்கை அணைக்க விடாதது, கனவில் அலறுவது, கதவு தட்டினால் தூக்கிவாரிப் போடுவது, ஹெலிகாப்டர் சத்தத்துக்கு உள்ளே ஓடுவது, காக்கிச் சட்டையைக் கண்டால் வியர்ப்பது. இதெல்லாம் சத்தமாகத் தெரியும். சத்தமில்லாதவை இன்னும் முக்கியம். எப்போதும் வாசலில் கோலம் போடுகிறவர் நிறுத்திவிட்டார், பெயிண்டிங் வேலைக்கு விடிகாலையில் கிளம்புகிறவர் பத்து நாளாகப் பாயிலேயே கிடக்கிறார், பிள்ளையோடு பேசுவதே இல்லை, குடி கூடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால், அன்றாட வேலை நின்றுபோனால், ஆறாம் படிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: கதையைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள்

நல்ல மனசுக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். முதல் நாளே "அங்க என்ன நடந்தது, சொல்லுங்க, சொன்னா மனசு லேசாகும்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வைப்பது ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சிலருக்குக் காயத்தைக் கிளறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே மூன்று: பார், கேள், இணைத்துவிடு. கேள் என்றால் செவி கொடு என்று அர்த்தம், துருவு என்று அர்த்தமில்லை. அதுவும் இவர்கள் விசாரணைகளை நிறையப் பார்த்தவர்கள், வருகைப் பதிவு, க்யூ பிரிவு போலீஸ், படிவம், மறுபடி படிவம். நாமும் போய் கேள்வியாக அடுக்கினால் இன்னொரு விசாரணையாகத்தான் தெரியும்.

அதனால் சாதாரணமாகப் போங்கள். வெளியாள் உள்ளே போய் ஏதாவது நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்றால் முகாம் பொறுப்பில் இருக்கும் வருவாய் ஆய்வாளரிடமும் (ஆர்.ஐ.) முகாம் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள், நீங்கள் செய்யாமல் விட்டால் கேள்வி வருவது அந்த வீட்டுக்காரருக்கு. கேமரா வேண்டாம். வாரத்தில் எந்த நாள் வருவேன் என்று சொல்கிறீர்களோ அந்த நாள் போய்விடுங்கள், அரைமணி நேரம் போதும். முறுக்கு சுடுகிற வீட்டில் மாவு பிசையக் கை கொடுங்கள். "ராத்திரி தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களா, கால் வலி எப்படி இருக்கு" இந்த மூன்று கேள்வி எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போதுமானதாக இருந்தது. அவரே ஒருநாள் பேச ஆரம்பிப்பார், அன்றைக்கு இடையில் புகுந்து ஆறுதல் சொல்லாமல் இருங்கள். "எல்லாம் விதி", "உங்களைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க", "அதான் இங்க வந்துட்டீங்களே, மறந்துடுங்க" இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். "இவ்வளவையும் தாங்கிட்டு இருந்திருக்கீங்க" என்று சொல்லலாம். சொன்னதை வேறு வீட்டில் சொல்லாதீர்கள், முகாமில் ஒரு சுவர்தான் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்.

நான்காம் படி: பழைய பயம் திடீரென்று மேலே வந்தால்

அந்தத் திருவிழா ராத்திரிக்கு வருகிறேன். அந்த நேரத்தில் அவருக்கு அது ஞாபகம் மாதிரி வருவதில்லை, இப்போதே நடப்பது போல் உடம்பு நம்பிவிடுகிறது. ஆகவே தொடாதீர்கள், பின்னாலிருந்து நெருங்காதீர்கள். அவர் கண்ணில் படும் இடத்தில், அவர் உயரத்துக்கு, தரையில் உட்காருங்கள். மெதுவான குரலில் உங்கள் பெயர், இடம், நேரம்: "அக்கா, நான்தான், டியூசன் தம்பி. நாம உங்க வீட்டுல இருக்கோம். மணி ஒன்பது. பிள்ளை உங்க கிட்டதான் இருக்கா." அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

கொஞ்சம் கேட்க ஆரம்பித்ததும் கால் இரண்டையும் சிமெண்ட் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், தரை குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுங்கள், கனமும் குளிர்ச்சியும் கைக்குத் தெரியட்டும். பிறகு மூச்சு, ஆழமாக இழுக்கச் சொல்ல வேண்டாம், பதற்றத்தில் அது தலைசுற்றலைத்தான் தரும். மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், சூடான டீயை ஊதுவது மாதிரி நீளமாக, நீங்களும் கூடவே ஊதுங்கள். பத்துப் பதினைந்து தடவை. அடங்கியதும் என்ன ஞாபகம் வந்தது என்று அன்றைக்கே கேட்காதீர்கள். குடிக்க ஏதாவது கொடுத்து, வீட்டு ஆள் ஒருவர் வரும்வரை இருந்துவிட்டு வாருங்கள். இதை அமைதியான ஒரு நாளில் ஒருமுறை சேர்ந்து பழகி வைத்தால், நீங்கள் இல்லாதபோதும் அவரே செய்துகொள்வார்.

ஐந்தாம் படி: காணாமல் போனவருக்காகக் காத்திருப்பவர்

இந்த இடத்தில் குமரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாக்கள் பிள்ளைகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்தார்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு. அதே வருடம் நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் தூத்தூரிலும் நம்ம அம்மாக்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடல் வராத சாவுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. திவசம் கொடுக்கவா, பொட்டு வைக்கவா, பூசைக்குப் பெயர் கொடுக்கவா? சாப்பாட்டில் ஒரு பங்கு எடுத்து வைப்பதை எப்போது நிறுத்துவது?

இப்படிப்பட்ட ஒருவரிடம் "இனி வரமாட்டார், ஏத்துக்கிடுங்க" என்றும் சொல்லக் கூடாது, "கண்டிப்பா வருவார்" என்றும் சொல்லக் கூடாது. இரண்டும் நம்மால் தெரிந்து சொல்ல முடியாதவை. காத்திருப்பையும் அன்றாட வாழ்க்கையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் மெல்ல மெல்லக் காட்ட முடியும். போனவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள், பிறந்தநாளில் ஒரு விளக்கோ மெழுகுதிரியோ வைக்க அந்த வீட்டுக்கு விருப்பமா என்று கேளுங்கள். மே மாதம் நெருங்கும்போது கூடுதலாக ஒரு தடவை போய் வாருங்கள். 2009 முள்ளிவாய்க்காலில் யாரையாவது இழந்த வீடுகளுக்கு அந்த மாதம் கனமாக இருக்கும்.

ஆறாம் படி: மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது

முதலில் உரிமை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ம் பிரிவு, அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறும் உரிமை 'ஒவ்வொரு நபருக்கும்' உண்டு என்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சொன்ன விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் கிளம்பும் முன்பே அவருக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள், "பேர் வெளிய போயிடுமோ, பதிவுல ஏறிடுமோ" என்ற பயம்தான் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்துகிறது.

போவதற்கு முன்னால் 14416-க்கு ஒரு போன் போடலாம். டெலி மானஸ் என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் இருப்பவர்கள் நாகர்கோவில் போய்ப் பஸ் மாற வேண்டும், காலை புறநோயாளிப் பிரிவைப் பிடிக்க வேண்டுமென்றால் விடிகாலையிலேயே கிளம்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல நேரம் அவ்வளவு தூரம் போகவே தேவைப்படாது. முகாமில் வருகைப் பதிவு, உதவித்தொகை நாள் எது என்று பார்த்து, அதில் மோதாமல் தேதி வையுங்கள். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 என்று 2021-ல் கூட்டிய தொகை அது, ஒரு நாள் கூலியும் போய் அதுவும் தவறினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

முந்தின நாள் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எவ்வளவு நாளாக இருக்கிறது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன வேலை நின்றுபோனது, ஏற்கெனவே என்ன மாத்திரை. 'பதகளிப்பு' மாதிரிச் சொற்களுக்குப் பக்கத்தில் நம்ம ஊர் வார்த்தையையும் எழுதிவிடுங்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் முன்னால் நில்லுங்கள். ஒரு இடத்தில் முகவரி கேட்டுவிட்டு "அகதியா, எந்த நாடு" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒருவர் கத்தினார், என்கூட வந்தவர் அப்படியே திரும்பி நடந்துவிட்டார், மறுபடி கூட்டி வர ஐந்து மாதம் ஆனது. அதிலிருந்து முகவரியை எழுதிய தாளை நானே நீட்டிவிடுகிறேன்.

டாக்டரிடம் அவர் தனியாகப் பேச விரும்பினால் வெளியே இருங்கள். மாத்திரை கொடுத்தால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டு வாருங்கள், எத்தனை நாளில் வேலை செய்யும் என்று. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் 'இது சரியில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், கொஞ்சம் தெளிந்ததும் தானாக நிறுத்துவது இன்னொரு தவறு. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெப வீட்டுக்கோ போக விரும்பினால் தடுக்க வேண்டாம், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

"இருந்து என்ன பிரயோசனம்", "பிள்ளைகளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, ஒருவர் கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். 14416-ஐ அவர் பக்கத்தில் இருந்தே கூப்பிடுங்கள், நிலைமை முற்றியிருந்தால் 108. ஏதாவது செய்துவிட்டார் என்றால் போலீஸ் கேஸ் ஆகும், முகாம் பதிவு போய்விடும் என்று பயந்து வீட்டார் மறைத்து வீட்டிலேயே வைத்திருந்து, உயிரைப் போகவிட்டுவிடுகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று முன்னே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனையில் விவரம் பதிவு செய்வார்கள், அதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அடி உதை வீட்டுக்குள் இருந்தால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

எட்டாம் படி: மனசை அழுத்துகிற வெளிக் காரணங்கள்

பி.இ. படித்த பையன் பெயிண்ட் டப்பாவோடு போகிறான் என்றால் அவனுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, ஓட்டுப் போட முடியாமல், பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் இருப்பதே ஒரு நோவு. ஆகவே காகித வேலையில் உதவுவதும் மனநல உதவிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். உங்களுக்குத் தெரிந்தவரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அந்தத் தேதிக்குள் வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். தேதி வராதவர்களிடம் பொய் நம்பிக்கை கொடுக்காமல், படிப்பு, உதவித்தொகை, முகாம் வீடு என்று கையில் இருப்பதைச் சேர்ந்து பாருங்கள். 1984-லிருந்து ஈழ அகதிகளே நடத்தி வரும் ஓபர் அமைப்பில் கேட்டால் முகாம் நடைமுறைகள் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் 'கேம்ப் பிள்ளைகள் எழுந்திரி' என்று சொல்லாதீர்கள். உதவித்தொகைப் படிவத்துக்காக என்றாலும், தனியே கூப்பிட்டுக் கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கடைசிப் படி: தொடர்ந்து போவது

மாதம் ஒன்று, மூன்று, ஆறு என்று மறுபடி மறுபடி பாருங்கள், அடுத்த செக்கப் தேதியை அவர்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நீங்கள் கேட்டது உங்களுக்குள்ளும் தங்கும், ராத்திரி உங்களுக்கே தூக்கம் கெட்டால் பெயர் சொல்லாமல் யாரிடமாவது பேசுங்கள், 14416 உங்களுக்கும்தான். ஒரு ஆள் தனியாகச் சுமக்காமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முறைவைத்துப் போவது நல்லது.

அந்த அக்கா இப்போது ஆசாரிபள்ளத்தில் மாத்திரை வாங்குகிறார். நாங்கள் திருவிழாக் கமிட்டிக்காரர்களிடம் பேசினோம், கதினாவை நிறுத்த முடியாது என்றார்கள், ஆனால் எந்த நாள் எத்தனை மணிக்கு என்று எழுதித் தரச் சம்மதித்தார்கள், ஒரு வரிசையைத் தோப்புக்கு அந்தப் பக்கம் தள்ளியும் வைத்தார்கள். அந்தத் தாளைக் கதவில் ஒட்டியிருக்கிறார். போன திருவிழாவுக்கு ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேத்தியை மடியில் வைத்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "தம்பி, இப்ப போடுவாங்கள், கொஞ்சம் பக்கத்தில இருங்கோ" என்றார். இருந்தேன்.